பகைமையினூடே அபாயக் குறைப்பு: இந்திய – பாகிஸ்தான் அணுவாயுத உடன்படிக்கைகளின் இயங்குமுறையும் இடைவெளிகளும்

ஆய்வுச்சுருக்கம்

அணுவாயுதங்களை முற்றாக ஒழிப்பது நெடுங்கால இலக்கு. அவை இருக்கும் வரையில் தவறுதலாகவோ தவறான புரிதலாலோ பயன்படுத்தப்படாமல் காப்பது உடனடிக் கடமை. இக்கடமையின் பொருட்டு நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் அபாயக் குறைப்பு நடவடிக்கைகள் எனப்படுகின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 முதல் 2007 வரை செய்துகொண்ட அத்தகைய உடன்படிக்கைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. போர்களையும் தூதரக முறிவுகளையும் கடந்து அவை நிலைத்திருப்பதற்கான காரணங்களும், 2022ஆம் ஆண்டு மார்ச் 9 அன்று நிகழ்ந்த ஏவுகணை விபத்து வெளிப்படுத்திய குறைகளும் இங்கு விளக்கப்படுகின்றன. இவ்வுடன்படிக்கைகள் நட்பை அடித்தளமாகக் கொண்டவை அல்ல. குறுகிய எல்லையும் திட்டவட்டமான கடமையும் உடையனவாக இருப்பதே அவற்றின் வலிமை. அவ்வெல்லைக்கு வெளியே புதிய ஆயுதங்கள் பெருகுவதே இன்றைய ஆபத்து என்பது கட்டுரையின் துணிபு.

திறவுச்சொற்கள்: அணுவாயுத அபாயக் குறைப்பு, நம்பிக்கை வளர்ப்பு நடவடிக்கைகள், லாகூர் புரிந்துணர்வு ஒப்பந்தம், ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு, க்ரூஸ் ஏவுகணை, ஹாட்லைன்.

முன்னுரை

ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2025 ஜனவரியில் உலகில் ஏறத்தாழ 12,241 அணுவாயுதங்கள் இருந்தன. அவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் உள்ளது. இந்தியாவிடம் ஏறத்தாழ 180, பாகிஸ்தானிடம் ஏறத்தாழ 170 என அந்நிறுவனம் கணித்துள்ளது. எண்ணிக்கையை மட்டும் நோக்கின் தெற்காசியாவின் பங்கு சிறிது. ஆயினும் பொது எல்லையைக் கொண்டு, அவ்வெல்லையைப் பற்றியே பிணக்கும் கொண்டு, அணுவாயுதம் பெற்ற பின்னரும் நேருக்கு நேர் படைமோதலில் ஈடுபட்ட நாடுகள் என்ற வகையில் இவ்விரு நாடுகளின் நிலை தனித்து நோக்கத்தக்கது.

இரு நாடுகளும் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதவை. எனவே பன்னாட்டு ஒப்பந்தங்கள் இங்கு நேரடியாகக் கட்டுப்படுத்துவது குறைவு. இருதரப்பும் தாமே வகுத்துக்கொண்ட விதிகளே முதன்மையான பாதுகாப்பாக அமைகின்றன. இவ்விதிகள் பொதுவெளியில் அதிகம் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் ‘வெறும் சடங்கு’ என ஒதுக்கப்படுவதோ ‘அமைதியின் அடையாளம்’ எனப் போற்றப்படுவதோ வழக்கமாக உள்ளது. இவ்விரு பார்வைகளும் அவற்றின் உண்மையான பயனை மறைத்துவிடுகின்றன.

அபாயம் என்பதன் பொருள்

அணுவாயுதப் போர் மூள்வதற்கான வழிகளை மூன்றாகப் பகுக்கலாம். தலைமை திட்டமிட்டுத் தொடுப்பது ஒன்று. மரபுவழிப் போர் படிப்படியாக முற்றி அணுவாயுதக் கட்டத்தை எட்டுவது மற்றொன்று. விபத்தையோ இயந்திரப் பிழையையோ தாக்குதல் எனப் பிழையாகக் கருதி எதிர்வினை ஆற்றுவது மூன்றாவது. முதல் வழியை அச்சமும் அரசியல் கணக்கும் ஓரளவு தடுக்கின்றன. ஏனைய இரண்டிலும் எவரும் விரும்பாத விளைவு நேரக்கூடும் என்பதால், அபாயக் குறைப்பின் கவனம் பெரும்பாலும் அவற்றின்மீதே குவிகிறது.

மூன்றாம் வழி கற்பனையன்று. 1979 நவம்பர் 9 அன்று அமெரிக்க வான்பாதுகாப்புக் கட்டளை மையத்தின் திரைகளில் சோவியத் ஏவுகணைகள் பெருமளவில் வருவதாகத் தெரிந்தது. பயிற்சிக்காக உருவாக்கப்பட்ட தரவு இயங்குநிலைக் கணினிகளில் புகுந்ததே அதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. 1983 செப்டம்பர் 26 அன்று அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் புறப்பட்டதாகச் சோவியத் செயற்கைக்கோள் அமைப்பு அறிவித்தது. பணியில் இருந்த அலுவலர் ஸ்டானிஸ்லாவ் பெட்ரோவ் அதனைப் பொய் எச்சரிக்கை என முடிவு செய்தார். மேகங்களின் மேல் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியே அமைப்பை ஏமாற்றியது.

1995 ஜனவரி 25 அன்று நிகழ்ந்தது இக்கட்டுரையின் நோக்கில் மிகவும் முக்கியமானது. வடதுருவ ஒளியை ஆராய நார்வே நாட்டின் ஆண்டோயாவிலிருந்து அறிவியல் ராக்கெட் ஒன்று ஏவப்பட்டது. ரஷ்ய ரேடார்கள் அதனை நீர்மூழ்கியிலிருந்து வரும் ஏவுகணையாக இருக்கலாம் என ஐயுற்றன. அதிபர் எல்ட்சினின் அணுவாயுதக் கட்டளைப் பெட்டி இயக்கநிலைக்குக் கொண்டுவரப்பட்டது. ராக்கெட் ரஷ்யாவை நோக்கி வரவில்லை என்பது சில நிமிடங்களில் தெளிவானது. நார்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்கு அறிவித்திருந்தும் அச்செய்தி ரேடார் நிலையத்தைச் சென்றடையவில்லை. அறிவித்தல் என்ற கடமை நிறைவேறியும், அறிவிப்பு உரியவரைச் சேராததால் ஆபத்து தோன்றியது. உடன்படிக்கையின் வலிமை, செய்தி கடக்கும் பாதையின் கடைசிக் கண்ணியைப் பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்று.

பனிப்போர் தந்த முன்மாதிரிகள்

1962 அக்டோபரில் கியூபா நெருக்கடி மூண்டபோது, வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே தலைவர்களின் செய்திகள் சென்று சேரப் பல மணி நேரம் ஆயிற்று. மறைகுறியாக்கப்பட்ட தம் செய்தியைத் தந்தி நிறுவன ஊழியர் மிதிவண்டியில் வந்து பெற்றுச் செல்லும் நிலை இருந்ததாக அமெரிக்காவிலிருந்த சோவியத் தூதர் அனத்தோலி தோப்ரினின் பின்னாளில் பதிவு செய்துள்ளார். இவ்வனுபவத்தின் விளைவாக 1963 ஜூன் 20 அன்று ஜெனீவாவில் நேரடித் தொடர்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டு 30 முதல் அது செயல்பட்டது. மக்கள் எண்ணுவதுபோல் அது சிவப்புத் தொலைபேசியாக இருக்கவில்லை. எழுத்துவடிவில் செய்தி அனுப்பும் தொலைத்தட்டச்சுக் கருவியாகவே அமைந்தது. பேச்சில் நேரும் பொருள்மயக்கத்தைத் தவிர்ப்பதற்கு எழுத்து ஏற்றது எனக் கருதப்பட்டது.

தொடர்ந்து 1971இல் விபத்து அபாயக் குறைப்பு ஒப்பந்தமும், 1987இல் அணுவாயுத அபாயக் குறைப்பு மையங்களை நிறுவும் ஒப்பந்தமும், 1988 மே 31 அன்று பாலிஸ்டிக் ஏவுகணை ஏவுதலை முன்னறிவிக்கும் ஒப்பந்தமும் உருவாயின. இவை ஒரே ஓர் ஆயுதத்தையும் குறைக்கவில்லை. ஆயினும் ஆயுதக் குறைப்பு ஒப்பந்தங்கள் பலவற்றைவிட நீண்ட ஆயுள் பெற்றன. நடுத்தரத் தொலைவு ஏவுகணை ஒப்பந்தம் 2019 ஆகஸ்டு 2 அன்று முடிவுக்கு வந்தது. புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் தன் பங்கேற்பை ரஷ்யா 2023 பிப்ரவரியில் இடைநிறுத்தியது. அவ்வாறு நிறுத்தியபோதும் 1988ஆம் ஆண்டின் முன்னறிவிப்பு ஒப்பந்தத்தைத் தொடர்ந்து கடைப்பிடிப்பதாக அது அறிவித்தது. பெரிய ஒப்பந்தங்கள் அரசியல் உறவோடு எழுந்து அதனோடு வீழ்கின்றன. சிறிய ஏற்பாடுகளோ அவ்வுறவு சீர்கெட்ட காலத்திலும் நிற்கின்றன. இப்போக்கு தெற்காசியாவில் இன்னும் தெளிவாகப் புலப்படுகிறது.

தெற்காசியச் சூழலின் தனித்தன்மை

பனிப்போர்க்கால முன்மாதிரிகளை அப்படியே தெற்காசியாவுக்குப் பொருத்துதல் இயலாது. முதற்காரணம் தொலைவு. அமெரிக்காவிலிருந்து ரஷ்யாவுக்கு ஏறத்தாழ அரைமணி நேரத்தில் சென்றடையும் ஏவுகணைகளைப் பற்றியே பழைய ஏற்பாடுகள் அமைந்தன. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே அக்கால அளவு சில நிமிடங்களாகச் சுருங்கிவிடுகிறது. இத்துணைக் குறுகிய கால எல்லைக்குள் முன்னெச்சரிக்கைக் கருவிகள் பயனுள்ள தீர்மானத்துக்கு இடம் தருவது அரிது என்பதை, பாகிஸ்தானைச் சேர்ந்த ஜியா மியான், இந்தியரான ஆர். இராஜாராமன், எம்.வி. ரமணா ஆகிய இயற்பியலாளர்கள் 2003இல் இணைந்து வெளியிட்ட ஆய்வில் எடுத்துக்காட்டினர்.

இரண்டாவது, இருநாட்டுக் கோட்பாடுகளின் வேறுபாடு. அணுவாயுதத்தை முதலில் பயன்படுத்துவதில்லை என்ற நிலைப்பாட்டை இந்தியா 2003 ஜனவரி 4 அன்று அதிகாரபூர்வமாக வெளியிட்டது. பாகிஸ்தான் அத்தகைய உறுதியை ஏற்கவில்லை. 60 கிலோமீட்டர் தொலைவு செல்லும் நாசர் ஏவுகணையை அது 2011 ஏப்ரலில் சோதித்தது. போர்க்களத்திலேயே பயன்படுத்தத்தக்க குறுந்தொலைவு ஆயுதம் என்பதால், மரபுவழிப் போருக்கும் அணுவாயுதப் போருக்கும் இடையிலான கோடு மங்கியது. மூன்றாவது, அணுவாயுதமும் சாதாரண வெடிபொருளும் ஏற்கத்தக்க ஏவுகணை வகைகள் இருதரப்பிலும் உள்ளன. பறந்து வருவதன் முனையில் எது உள்ளது என்பதை ரேடாரால் அறிய இயலாது.

1988 உடன்படிக்கை: பட்டியல் மாற்றும் வழக்கம்

1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் வான்வழித் தாக்கி அழித்தது. அத்தகைய தாக்குதல் தம் நிலையங்களின்மீதும் நிகழக்கூடும் என்ற அச்சம் பாகிஸ்தானில் எழுந்தது. இப்பின்னணியில் 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியா உல் ஹக்கும் ஒருவர் மற்றவரின் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என வாய்மொழியாக இசைந்தனர். பின்னர் ராஜீவ் காந்தியும் பேநசீர் பூட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாத்தில் அது எழுத்துவடிவ உடன்படிக்கையாயிற்று. 1991 ஜனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்தது.

உடன்படிக்கை மிகச் சுருக்கமானது. ஒரு நாடு மற்றதன் அணு நிலையங்களுக்கு அழிவோ சேதமோ விளைவிக்கும் செயலில் நேரடியாகவோ மறைமுகமாகவோ ஈடுபடலாகாது, பிறரை அதற்குத் தூண்டவும் கூடாது என்பது அதன் சாரம். மின்னுற்பத்தி உலைகள், ஆய்வு உலைகள், எரிபொருள் தயாரிப்பு, யுரேனியச் செறிவூட்டல், மறுசுழற்சி நிலையங்கள் முதலியன ‘அணு நிலையம்’ என்ற வரையறையில் அடங்கும். ஆண்டுதோறும் ஜனவரி 1 அன்று இந்நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை விவரங்களை இருநாடுகளும் பரிமாறிக்கொள்ள வேண்டும். பட்டியல்கள் வெளியிடப்படுவதில்லை. எனினும் வரையறையின்படி நோக்கின், தமிழ்நாட்டின் கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் உள்ள மின்னுற்பத்தி உலைகள் இப்பாதுகாப்புக்கு உட்பட்டவை. எல்லையிலிருந்து வெகு தொலைவில் உள்ள கடற்கரை ஊர்களையும் தொடும் ஏற்பாடு இது.

முதற்பட்டியல் 1992 ஜனவரி 1 அன்று மாற்றப்பட்டது. 2025 ஜனவரி 1 அன்று நிகழ்ந்தது இடைவிடாத 34ஆவது பரிமாற்றம். இடைப்பட்ட காலத்தில் இருநாடுகளும் 1998இல் அணுவெடிப்புச் சோதனைகள் நிகழ்த்தின. 1999இல் கார்கில் போர் நடந்தது. 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டு, இருதரப்புப் படைகளும் எல்லையில் குவிந்திருந்த வேளையிலும் 2002 ஜனவரி 1 அன்று பட்டியல் கைமாறியது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்கு ஐந்து வாரங்களுக்குப் பின்னரும், 2019ஆம் ஆண்டின் பாலாகோட் நிகழ்வுகளுக்கும் தூதரக உறவுத் தரக்குறைப்புக்கும் பின்னரும் அவ்வாறே நிகழ்ந்தது.

இந்நிலைபேற்றுக்கு மூன்று பண்புகள் காரணமாகின்றன. முதலாவது, கடமையின் எல்லை குறுகியது. அணு நிலையத்தைத் தாக்காதிருத்தல் என்ற ஒன்றையே அது கோருகிறது. காஷ்மீர்ப் பிணக்கோ பயங்கரவாதமோ அதில் இடம்பெறவில்லை. எனவே அவற்றில் தோன்றும் முறிவு இதனை முறிப்பதில்லை. இரண்டாவது, பயன் இருபாலும் சமமானது. அணு உலை சிதைந்தால் கதிரியக்கம் எல்லையை மதிப்பதில்லை, தாக்கியவனும் பாதிக்கப்படுவான். மூன்றாவது, நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் ஆண்டும் பேச்சுவார்த்தை நடத்தி முடிவெடுக்க வேண்டியதில்லை. செய்வது அலுவலகக் கடமை. செய்யாமல் விடுவதே அரசியல் முடிவாகும். அம்முடிவை எடுக்க எந்த அரசும் இதுவரை முன்வரவில்லை.

இவ்வுடன்படிக்கையின் அருமையைப் பிற நாட்டு நிகழ்வுகள் உணர்த்துகின்றன. 2022 மார்ச்சில் உக்ரைனின் ஜபோரிஷியா அணுமின் நிலையம் போரின் நடுவே கைப்பற்றப்பட்டது. 2025 ஜூனில் ஈரானின் நத்தான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் அணு நிலையங்கள் தாக்கப்பட்டன. அணு நிலையங்களைப் போரிலிருந்து விலக்கிவைக்கும் இருதரப்பு விதி, உலகில் அரிதாகக் காணப்படும் ஒன்றைத் தெற்காசியாவுக்கு அளித்துள்ளது.

1991 முதல் 2007 வரை: அறிவிப்புக் கடமைகளின் வளர்ச்சி

1986-87ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் இராஜஸ்தானில் இந்தியா நடத்திய ‘பிராஸ்டாக்ஸ்’ படைப்பயிற்சியைப் பாகிஸ்தான் படையெடுப்புக்கான ஆயத்தமாக ஐயுற்றது. இருதரப்புப் படைகளும் எல்லையை நோக்கி நகர்ந்தன. இவ்வகைப் பிழைப்புரிதலைத் தவிர்க்க 1991 ஏப்ரல் 6 அன்று இரண்டு உடன்படிக்கைகள் உருவாயின. ஒன்று படைப்பயிற்சிகளை முன்னறிவிப்பது. மற்றொன்று வான்வெளி மீறலைத் தடுப்பது. போர்விமானங்கள் எல்லைக்குப் பத்து கிலோமீட்டருக்குள் பறக்கலாகாது என அது வரையறுத்தது.

அணுவெடிப்புச் சோதனைகளுக்கு அடுத்த ஆண்டு, 1999 பிப்ரவரி 21 அன்று, வாஜ்பாயும் நவாஸ் ஷெரீப்பும் லாகூர்ப் பிரகடனத்தை வெளியிட்டனர். அதனுடன் வெளியுறவுச் செயலர்கள் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தமே அபாயக் குறைப்பின் முழுமையான வரைபடம் எனலாம். ஏவுகணைச் சோதனைகளை முன்னறிவித்தல், விபத்தாலோ அனுமதியின்றியோ விளக்கமின்றியோ நேரும் நிகழ்வுகளை உடன் தெரிவித்தல், அணுவெடிப்புச் சோதனை நிறுத்தத்தைத் தொடர்தல் ஆகியன அதில் இடம்பெற்றன. மூன்று மாதங்களுக்குள் கார்கில் மோதல் வெளிப்பட்டது. லாகூர் நம்பிக்கை சிதைந்தது. ஆயினும் வரைபடம் அழியவில்லை. 2004 ஜூனில் புதுதில்லியில் வல்லுநர்கள் கூடி அப்பணியை மீண்டும் தொடங்கினர்.

அதன் பயனாக 2005 அக்டோபர் 3 அன்று பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை முன்னறிவிப்பு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. சோதனைக்குக் குறைந்தது மூன்று நாள்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். ஏவுமிடம் எல்லைக்கு 40 கிலோமீட்டருக்குள்ளும், விழுமிடம் 75 கிலோமீட்டருக்குள்ளும் இருத்தல் கூடாது. 2007 பிப்ரவரி 21 அன்று அணுவாயுத விபத்து அபாயக் குறைப்பு உடன்படிக்கை புதுதில்லியில் உருவாயிற்று. அணுவாயுதம் தொடர்பான விபத்தினால் கதிரியக்கப் பரவலோ அணுவாயுதப் போர் மூளும் ஆபத்தோ எழுமாயின், உடனே மற்ற நாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் முதன்மை விதி. வெளியுறவுச் செயலர்களுக்கு இடையிலும், ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர்களுக்கு இடையிலும் உள்ள ஹாட்லைன்கள் இதற்கான வழிகளாகக் குறிக்கப்பட்டன. 2012, 2017 ஆண்டுகளில் இவ்வுடன்படிக்கை ஐந்தைந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

2022 மார்ச் 9: இரு விதிகளுக்கு இடையே விழுந்த ஏவுகணை

2022 மார்ச் 9 மாலை, இந்தியாவிலிருந்து புறப்பட்ட பிரமோஸ் க்ரூஸ் ஏவுகணை பாகிஸ்தான் வான்வெளிக்குள் புகுந்து, ஏறத்தாழ 124 கிலோமீட்டர் கடந்து, பஞ்சாப் மாகாணத்தின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை. உயிரிழப்பும் நேரவில்லை. மறுநாள் பாகிஸ்தான் ராணுவச் செய்தித் தொடர்பாளர் இதனை வெளிப்படுத்தினார். மார்ச் 11 அன்று இந்தியப் பாதுகாப்பு அமைச்சகம், வழக்கமான பராமரிப்பின்போது தொழில்நுட்பக் கோளாற்றால் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டதாகக் கூறி ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. விசாரணையில் மூன்று அலுவலர்கள் நிலையான செயல்முறையிலிருந்து விலகியது கண்டறியப்பட்டு, ஆகஸ்டு 23 அன்று அவர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

அணுவாயுத நாடு ஒன்றின் ஏவுகணை மற்றோர் அணுவாயுத நாட்டின் நிலப்பரப்பில் தவறுதலாக விழுந்த இந்நிகழ்வு, அமைதியான ஒரு மாலையில் நிகழ்ந்ததால் பேரிடராக மாறவில்லை. இதனை அன்று நடப்பிலிருந்த உடன்படிக்கைகளோடு ஒப்பிட்டு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். 2005ஆம் ஆண்டின் உடன்படிக்கை திட்டமிட்ட சோதனைகளுக்கும் பாலிஸ்டிக் ஏவுகணைகளுக்கும் மட்டுமே உரியது. பிரமோஸ் க்ரூஸ் வகையைச் சார்ந்தது; நிகழ்ந்ததும் சோதனையன்று. 2007ஆம் ஆண்டின் உடன்படிக்கை அணுவாயுதம் தொடர்பான விபத்துக்கு உரியது. பிரமோஸை இந்தியா மரபுவழி ஆயுதமாகவே கருதுகிறது. 1991ஆம் ஆண்டின் வான்வெளி உடன்படிக்கை வானூர்திகளை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. ஆக, மூன்று விதிகள் இருந்தும் ஏவுகணை அவற்றின் இடைவெளியில் விழுந்தது.

எழுத்தளவில் இவ்விளக்கம் சரியாயினும், ரேடார் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு இதனால் பயனில்லை. ஏவியவரின் வகைப்பாட்டை எதிர்த்தரப்பு அலுவலர் அறியார். அறிந்தாலும் நம்ப வேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. அவர் காண்பது வேகமாக நெருங்கும் ஒரு புள்ளியை மட்டுமே. விபத்து ‘அணுவாயுதம் தொடர்பானதா’ என்பதை ஏவிய நாடு தீர்மானிக்கிறது. ஆனால் அபாயம் பெறும் நாட்டின் புரிதலில் பிறக்கிறது. 2007 உடன்படிக்கையின் அடிப்படைக் குறை இதுவே ஆகும்.

ஹாட்லைன் குறித்த வினாவும் இங்கு எழுகிறது. உடனடியாகத் தெரிவிக்காதது ஏன் எனப் பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சகம் வினவியது. கருவி இருப்பினும், யார், எப்போது, எவருடைய அனுமதியோடு அதனை எடுத்துப் பேசவேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படாவிடின் அதன் பயன் குறையும். விபத்துக்குக் காரணமான பிரிவு தன் தவற்றை மேலிடத்துக்குத் தெரிவித்து, மேலிடம் உறுதிசெய்து, அரசு ஒப்புதல் அளித்து, பின்னரே எதிர்த்தரப்புக்குச் சொல்வது நிர்வாக இயல்பு. அவ்வியல்பான வரிசை ஏவுகணையின் பறக்கும் நேரத்தைவிட நீளமானது. நார்வே ராக்கெட் நிகழ்வில் செய்தி பெறும் முனையில் தடைப்பட்டது. இங்கு இடையூறு அனுப்பும் முனையில் நேர்ந்தது.

2025 மே: நெருக்கடிக்கால ஆய்வுக்களம்

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நிகழ்ந்த பயங்கரவாதத் தாக்குதலைத் தொடர்ந்து, சிந்துநதி நீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்தது. சிம்லா ஒப்பந்தம் உள்ளிட்ட இருதரப்பு ஒப்பந்தங்களை நிறுத்திவைக்கும் உரிமை தனக்குண்டு எனப் பாகிஸ்தான் அறிவித்தது. மே 7 முதல் 10 வரை இருநாடுகளும் ஏவுகணைகளையும் ட்ரோன்களையும் கொண்டு மோதின. இருதரப்பும் இத்துணைப் பெருமளவில் இவ்வாயுதங்களை ஒன்றின்மீது மற்றொன்று பயன்படுத்தியது இதற்குமுன் நிகழாதது.

இக்காலத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. பாகிஸ்தானின் கிரானா மலைப்பகுதியில் உள்ள அணுவாயுதக் கிடங்கு தாக்கப்பட்டதாக வதந்தி பரவியது. இந்திய விமானப்படை அதனை மறுத்தது. பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலும் கதிரியக்கக் கசிவு இல்லை எனப் பன்னாட்டு அணுசக்தி முகமை தெரிவித்தது. வதந்தியே நெருக்கடியை முற்றச்செய்யும் ஆற்றல் உடையது என்பதை இது காட்டியது. மற்றொன்று, மோதல் முடிந்த முறை. மே 10 பிற்பகல் 3.35 மணிக்குப் பாகிஸ்தானின் ராணுவ நடவடிக்கைகள் தலைமை இயக்குநர் இந்திய இயக்குநரைத் தொலைபேசியில் அழைத்தார். மாலை 5 மணி முதல் தாக்குதலை நிறுத்த இருவரும் இசைந்தனர். வெளிநாடுகளின் முயற்சிகள் குறித்து இருதரப்பிலும் மாறுபட்ட கூற்றுகள் உள்ளன. ஆயினும் நிறுத்தத்தை நடைமுறைப்படுத்த, 1971 போருக்குப் பின் ஏற்படுத்தப்பட்ட அப்பழைய தொடர்பே பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

எதிர்வாதங்கள்

அபாயக் குறைப்பு நடவடிக்கைகள்மீது இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. அவை பொய்யான பாதுகாப்புணர்வைத் தருகின்றன என்பது ஒன்று. லாகூர் ஒப்பந்தத்துக்குப் பின் கார்கில் நிகழ்ந்தமை இதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. அணுவாயுதப் போர் நேராது என்ற துணிவே சிறு மோதல்களுக்கு ஊக்கமளிக்கிறது என்ற கருத்தும் இதனுடன் இணைகிறது. இவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் போரைத் தடுப்பது இவ்வேற்பாடுகளின் பணியன்று. மூண்ட போர் எவரும் விரும்பாத எல்லையைக் கடவாமல் இருக்க உதவுவதே அவற்றின் பணி. தீயணைப்புக் கருவி இருப்பதால் மக்கள் கவனக்குறைவாக இருப்பர் என்று கூறி எவரும் அதனை அகற்றுவதில்லை.

சரிபார்க்கும் வழி இல்லை என்பது மற்றொரு குறை. பட்டியல் முழுமையானதா என்பதை ஆராயும் உரிமை எந்தத் தரப்புக்கும் இல்லை. இது உண்மையான குறைபாடே. எனினும் சரிபார்ப்பை நிபந்தனையாக்கியிருந்தால் 1988இல் உடன்படிக்கையே உருவாகியிருக்காது. குறைந்தபட்ச இசைவை முதலில் நிலைநிறுத்தியதே அதன் நெடுவாழ்வுக்கு வழிவகுத்தது.

மேற்கொள்ளத்தக்க நடவடிக்கைகள்

மேற்கண்ட ஆய்வின் அடிப்படையில், இருநாடுகளும் பெரும் அரசியல் இணக்கத்துக்குக் காத்திராமல் செய்யத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, 2005 உடன்படிக்கையில் க்ரூஸ் ஏவுகணைகளைச் சேர்த்தல். ஏவுகணைப் பரவலுக்கு எதிரான ஹேக் நடத்தை நெறியில் இந்தியா 2016 ஜூனில் இணைந்தது. பாகிஸ்தான் அதில் உறுப்பினரன்று. அந்நெறியும் பாலிஸ்டிக் வகையையே தழுவுகிறது. எனவே இவ்விடைவெளியை இருதரப்பு விதியாலேயே நிரப்ப இயலும்.

இரண்டாவது, விபத்து அறிவிப்புக்கான வரையறையை மாற்றுதல். ‘அணுவாயுதம் தொடர்பான விபத்து’ என்பதற்கு மாற்றாக, ‘எல்லையைக் கடந்த அல்லது கடக்கக்கூடிய எந்த ஏவுகணையும்’ என விதி அமைதல் வேண்டும். அப்போது ஆயுதத்தின் வகையை ஆராயும் காலத்தாழ்வு நீங்கும்.

மூன்றாவது, முதல் அறிவிப்பையும் விளக்கத்தையும் பிரித்தல். ‘எங்கள் ஏவுகணை தவறுதலாகப் புறப்பட்டது, அது தாக்குதலன்று’ என்னும் செய்தியை, உயர்மட்ட ஒப்புதலுக்குக் காத்திராமல் அனுப்பும் அதிகாரம் பணியிலிருக்கும் அலுவலருக்கு முன்கூட்டியே அளிக்கப்படல் வேண்டும். காரணமும் பொறுப்பும் பின்னர் விளக்கப்படலாம்.

நான்காவது, இத்தொடர்புக்கெனத் தனி மையங்களை அமைத்தல். 1987இல் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அமைத்த மையங்களைப்போல் இரவும் பகலும் பணியாளர் உள்ள அலுவலகம் இருதலைநகரங்களிலும் இருக்குமாயின், செய்தி செல்லும் பாதை சுருங்கும். அம்மையத்துக்கும் தத்தம் வான்பாதுகாப்பு நிலையங்களுக்கும் இடையிலான தொடர்பைக் குறித்த கால இடைவெளியில் சோதித்துப் பார்ப்பதும் இன்றியமையாதது.

முடிவுரை

இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட அபாயக் குறைப்பு உடன்படிக்கைகள் நல்லுறவின் விளைவுகள் அல்ல. பிராஸ்டாக்ஸ், பொக்ரான், சாகாய் என ஒவ்வொரு நெருக்கடியும் ஓர் உடன்படிக்கைக்குத் தூண்டுகோலாயிற்று. குறுகிய எல்லை, சமமான பயன், நாள் குறித்த கடமை ஆகிய பண்புகளைக் கொண்டது பகைமைக்காலத்திலும் நிலைத்தது. இது, அணுவாயுத நாடுகளுக்கிடையே உறவுகள் சீர்கெட்டுவரும் இன்றைய உலகச் சூழலுக்கும் பொருந்தும் படிப்பினையாகும்.

2022ஆம் ஆண்டின் விபத்து விதிகளின் இடைவெளியைக் காட்டியது. 2025ஆம் ஆண்டின் மோதல், அவ்விடைவெளியில் அடங்கும் ஆயுதங்களே இனிவரும் மோதல்களின் முதன்மை ஆயுதங்கள் என்பதைக் காட்டியது. 2007க்குப் பின் இத்துறையில் புதிய உடன்படிக்கை எதுவும் இருநாடுகளுக்கிடையே உருவாகவில்லை. அதே காலத்தில் ஆயுதத் தொழில்நுட்பம் நெடுந்தொலைவு முன்னேறியுள்ளது. மியான் சன்னுவில் விழுந்ததைப் போன்ற ஏவுகணை, 2025 மே மாதத்தின் ஓர் இரவில் தவறுதலாகப் புறப்பட்டிருக்குமாயின், அது தவறு என்பதை நம்பவைக்க எந்த விதியும் போதிய நேரம் தந்திராது. அந்நேரத்தை முன்கூட்டியே ஈட்டிவைப்பதே அபாயக் குறைப்புக் கொள்கையின் அடுத்த பணியாக அமைதல் வேண்டும்.